ஒரே குடும்பம், இரு குணம்
(தோட்டம் தொடங்க விரும்புவோருக்கான கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டம் போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தச் செடியில் தொடங்கலாம்?" என்பதுதான். கீரையில் தொடங்குங்கள் என்று சொல்வது வழக்கம். விதைத்து ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம், சிக்கலும் குறைவு. நான் சொல்வது வேறு. ஒரு தக்காளிச் செடியையும் ஒரு மிளகாய்ச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏன் இந்த இரண்டு, ஏன் சேர்த்து என்று இன்று விளக்கப் போகிறேன்.

இவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கத்தரி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி, புகையிலை எல்லாமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். இதழ்கள் அடியில் ஒட்டி நட்சத்திரமாக விரியும் பூவைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். ஆனால் குணம் வேறு. தக்காளி அவசரக்காரச் செடி. விறுவிறுவென்று வளரும், நிறையக் காய்க்கும், ஒரு பருவத்தில் வாழ்ந்து முடித்துவிடும். நாம் செய்யும் பிழையை இரண்டே நாளில் இலையிலும் காயிலும் காட்டிவிடும். மிளகாய் நிதானமாக வளரும். முளைப்பதற்கே நாளெடுக்கும். நிலைத்துவிட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட இருந்து காய்க்கும். அதே மண், அதே வெயில், அதே கை. ஒன்று செழித்து மற்றது சுணங்கும்போது "ஏன்?" என்ற கேள்வி தானாகப் பிறக்கும். அந்தக் கேள்விதான் ஒருவரைத் தோட்டக்காரராக்குகிறது. எந்த வேலையையும் காரணம் தெரிந்து செய்கிறவர் கையில் செடி பிழைக்கும். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரும்.

முதல் காரணம் பிறந்த மண்ணில் இருக்கிறது. ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நம் அடுப்படியில் தக்காளியும் இல்லை, மிளகாயும் இல்லை. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. இரண்டு செடிகளும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயை நமக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். காட்டுத் தக்காளியின் வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரை ஒட்டிய மேற்குப் பகுதி. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி. காட்டு மிளகாய் வெப்பமான நிலத்தில், பெரிய மரங்களின் அரை நிழலில் புதராக வளர்ந்தது. நம் ஊர் சித்திரை வெயிலில் தக்காளி துவண்டு போவதும், அதே வெயிலை மிளகாய் சமாளித்து நிற்பதும் இதனால்தான்.

இங்கிருந்து பட்டத்துக்கு வருவோம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நாம் அறிந்த பழமொழி. மிளகாய்க்கு அது நன்றாகவே பொருந்தும். தக்காளிக்கு ஒரு கணக்குப் போட வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழக்கும். பூ மலரும், காம்பு மஞ்சளாகும், உதிரும். உரம் போட்டாலும் மருந்து தெளித்தாலும் அது நிற்காது. ஆகவே பூக்கும் காலம் தை, மாசியில் வருமாறு பின்னோக்கி எண்ணுங்கள். கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்தால் மார்கழியில் நாற்றை நடலாம். தையில் பூ, மாசியில் பழம், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே அறுவடை முடிந்துவிடும். கார்த்திகை மழையிலிருந்து நாற்றுக்கு ஒரு மறைப்பு மட்டும் கொடுங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களுக்கு இந்தக் கணக்கு. ஓசூர், உதகைக்காரர்கள் குளிர்ச்சியைப் பார்த்துத் தங்கள் மாதத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து விதை. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் தக்காளி பி.கே.எம் 1. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் கொடுத்த ரகம் அது. நம் வெக்கைக்குப் பழகியது, விதை எடுத்து மறுபடி போடலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் என்ற மூன்று நோய்களையும் தாங்கும் வீரிய ஒட்டு. விளைச்சலுக்கு நல்லது, ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. கடைத் தக்காளியைப் பிழிந்து விதைக்கும்போது பலருக்கு ஏமாற்றம் வருவதும் இதனால்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒட்டு ரகங்கள். மிளகாயில் கோவில்பட்டியின் கே 1, கே 2 ரகங்கள் உண்டு. நீள மிளகாயில் சம்பா உண்டு. உருண்டை மிளகாய் வேண்டுமென்றால் ராமநாதபுரம் முண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக அந்த மாவட்டத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதைப் பொட்டலம் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். தக்காளி விதை மூன்று, நான்கு ஆண்டுகள் தாங்கும். மிளகாய் விதையின் முளைப்புத் திறன் அதைவிடச் சீக்கிரம் குறையும்.

நாற்று விடக் குழித்தட்டு போதும். பாதி தென்னை நார்க்கழிவு, பாதி மண்புழு உரம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துகொள்ளுங்கள், அதிலுள்ள உப்பு போய்விடும். ஒரு குழிக்கு ஒரு விதை, அரை விரற்கடை ஆழம், மேலே மெல்லிய மூடாக்கு. தக்காளி ஐந்து முதல் எட்டு நாளில் தலைகாட்டும். மிளகாய்க்குப் பத்து நாளாகும், பதினைந்தும் ஆகலாம். இங்கேதான் முதல் சோதனை. தக்காளி முளைத்த பிறகும் மிளகாய்க் குழிகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறி, தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். விதை அழுகிவிடுகிறது. முளைத்த நாற்றுக்கும் அதே ஆபத்துதான். தண்டு தரையைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து, நாற்று அப்படியே சாயும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். ஈரம் கூடிய மண்ணில் வாழும் பூஞ்சை வகைகள் செய்யும் வேலை இது. ஒரு கிலோ விதைக்கு, நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் என்பது விதைநேர்த்திக்கான பரிந்துரை. உங்கள் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும். அதைவிடப் பெரிய மருந்து, மேல்மண் காய்ந்த பின் மட்டும் பூவாளியில் தெளிப்பது.

முளைத்த அன்றே நாற்றுக்கு வெளிச்சம் வேண்டும். சமையலறைச் சன்னலில் வைத்துக் காத்தால் வெளிச்சத்தைத் தேடி வெளிறி நீண்டுவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வெயிலில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்குத் தயார். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள்.

நடும்போது இரண்டின் குணமும் நன்றாகப் பிரிந்து தெரியும். தக்காளித் தண்டை உற்றுப் பாருங்கள். அடிப்பகுதியில் சிறு சிறு முண்டுகள் தெரியும். மண்ணுக்குள் போனால் அவை வேராகும். அதனால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் புதைத்து நடலாம். வேர் பெருகும், செடி உறுதியாக நிற்கும். மிளகாய்த் தண்டு அப்படி எளிதில் வேர்விடாது. குழித்தட்டில் எந்த அளவு மண் இருந்ததோ அந்த அளவிலேயே நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். நடவுக்கு மாலை நேரம்தான் நல்லது.

மாடியில் வைப்பவர்கள் எடையைக் கவனிக்க வேண்டும். ஒரு கன அடி ஈர மண் 50 கிலோவை நெருங்கும். அதனால் தோட்டமண்ணோடு தென்னை நார்க்கழிவும், நன்றாக மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ சம பங்கு கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். எடை குறையும், நீரும் வடியும். மிளகாய்க்கு ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள பை போதும். தக்காளிக்கு அதைவிடப் பெரியதாகக் கொடுங்கள். பைகளைச் சுவரோரம், உத்தரம் ஓடும் இடங்களில், செங்கல்லின் மேல் வையுங்கள். தளத்தில் ஈரம் தங்காது. நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது விழும் இடமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். தோட்டத்தில் அதிகச் செடிகளைக் கொல்வது பூச்சியைவிட நம் அன்புதான். நண்பகலில் தக்காளி இலை தொங்குவதைப் பார்த்துக் குடத்தைத் தூக்காதீர்கள். வேர் கொண்டுவரும் நீரைவிட இலை வெளியேற்றும் நீர் அந்த வேளையில் அதிகம். மாலையில் நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றுமில்லை. விடியற்காலையிலும் வாடியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் நோய். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டுப்படாவிட்டால் ஊற்றுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல் காய்ந்து குழிவிழுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேராத குறை. சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீர் ஓட்டத்தோடுதான் பயணம் செய்யும். இலைகள் நீரை வேகமாக இழுக்கின்றன. காயின் நுனிக்குக் கடைசியில்தான் பங்கு வரும். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று விட்டால் அந்தக் கடைசிப் பங்கும் போய்விடும். மண்ணில் சத்து இருந்தும் காய் கெடுவது இதனால்தான். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறோம். அது மக்கிக் கரைய மாதக்கணக்காகும். அளவான ஈரம் நாள்தோறும் கிடைத்தால் அடுத்த காய்கள் நன்றாக வரும். சருகையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பினால் அந்த ஈரம் நிற்கும். வறண்ட மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் பழம் வெடிப்பதும் இதே ஏற்ற இறக்கத்தால்தான். மிளகாய் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு பொறுக்கும். ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்குவதை அது ஒருநாளும் பொறுக்காது.

பூத்த பிறகு காய் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தக்காளிப் பூவுக்குள் மகரந்தப் பைகள் கூடி மஞ்சள் கூம்பாக நிற்கின்றன. மகரந்தம் அதன் உட்புறம் இருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ, மரத்தைத் துளைக்கும் கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவைத்து அதை உதிர்க்கும். நாம் அதிகம் அறிந்த தேனீக்கு அந்த வித்தை தெரியாது. உயரமான மாடிக்கு அந்த விருந்தாளிகள் வராமல் போகலாம். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், போதும்.

பூக்காமல் இலையாகவே செழிக்கும் செடிக்குத் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். பச்சைச் சாணத்தையும் யூரியாவையும் நிறுத்துங்கள். மக்கிய உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி கொடுங்கள். பூக்கும் பருவத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிப்பதை, இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் அய்யா வழிவந்த உழவர்கள் பலர் கடைப்பிடிக்கிறார்கள். படர்ந்து உயரும் தக்காளிக்கு ஊன்றுகோல் நட்டு, தண்டு இறுகாமல் சணலால் எட்டு வடிவத்தில் கட்டுங்கள். இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே கிள்ளுங்கள். பி.கே.எம் 1 போன்ற குட்டை ரகங்களில் அளவோடு கிள்ளினால் போதும்; அங்கே கிளைதான் காய்.

இலை சுருள்வது மிளகாய் வைத்திருக்கும் எல்லாருக்கும் வரும் கவலை. "மிளகாய் இலை சுருண்டுவிட்டது, என்ன தெளிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எப்படிச் சுருண்டிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல் வளைந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். மேலும் கீழுமின்றிக் கொழுந்தெல்லாம் சிறுத்து, நெருங்கி, மஞ்சளோடி நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரியாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள். தாளில் விழுந்து ஊரும் மஞ்சள் கோடுகள்தான் இலைப்பேன். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, அதைக் கரைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தால் பேன் வகைகள் அடங்கும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் உண்டு. ஆனால் வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகம் தெளித்தால் இலை கருகும், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். நச்சுயிரிக்கு மருந்தே கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதுதான் பக்கத்துச் செடிகளுக்கு நீங்கள் செய்யும் உதவி. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை ஈர்க்கச் செண்டுமல்லியும் வையுங்கள்.

ஈர மண்ணில் நன்றாக நின்ற தக்காளி பச்சை இலையோடு திடீரென்று தொங்கினால் ஒரு சோதனை செய்யலாம். தண்டின் அடியை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீரைத் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற இழை நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் மறுபடி வைக்காதீர்கள். ஒரே குடும்பம் என்று தொடக்கத்தில் சொன்னதன் பலன் இங்கே தெரிகிறது. அவற்றின் நோயும் பொதுச் சொத்து. நலமான மண்ணிலும் ஒரு பருவம் தக்காளி வைத்த பையில் அடுத்த பருவம் கீரை, அவரை, வெண்டை என்று மாற்றுங்கள். புகையிலையும் இந்தக் குடும்பம்தான் என்பதால் அதைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் செடியைத் தொடுங்கள். புகையிலைத் தேமல் நச்சுயிரி கை வழியாகவே தொற்றும்.

அறுவடைக்கு வருவோம். தக்காளி அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கும் செங்காய்ப் பருவத்திலேயே பறித்து, வீட்டுக்குள் நிழலில் பழுக்க வைக்கலாம். கோடையில் இது அவசியம். வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நின்றால் செடியில் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாமல் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். மிளகாயைப் பச்சையாகப் பறிக்கப் பறிக்கச் செடி பூத்துக்கொண்டே இருக்கும். பழுக்க விட்டால் விதை முற்றுவதற்குச் சத்தைச் செலவிட்டுப் பூப்பதைக் குறைக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து உரமிட்டால் மறுபடி தழைக்கும். தக்காளி அதற்குள் விடைபெற்றிருக்கும்.

மிளகாயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். காரம் விதையில் என்று நினைக்கிறோம். விதைகள் ஒட்டியிருக்கும் அந்த வெண்மையான திசுவில்தான் காப்சைசின் சுரக்கிறது. அது பாலூட்டிகளின் நாக்கைச் சுடும், பறவைகளுக்கு உறைக்காது. நாம் விதையை மென்று அழிப்போம், பறவை விழுங்கி வேறிடத்தில் விதைக்கும். பழுத்த மிளகாயைத் தேடிக் கிளி வருவதன் காரணம் இதுதான், வலை போட்டுக்கொள்ளுங்கள். நம் உடல் வெப்பத்தை எப்படி உணர்கிறது என்பதைக் கண்டறிய அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் கையிலெடுத்த பொருளும் இந்தக் காப்சைசின்தான். அந்த ஆய்வுக்காக அவர் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நண்பர்களே, இரண்டு செடி வைத்தால் வீட்டுச் செலவு பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. வேறு சில மாதங்களில் அதே தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது. பூ உதிர்ந்ததைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு அந்த விலை ஏன் ஏறியது என்பது புரியும். ஒரு செடியைக் காக்க எவ்வளவு கவனம் தேவை என்று அறிந்தவர், ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் ஏக்கர் கணக்கில் அதைக் காக்கும் உழவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசமாட்டார். வீட்டுத் தோட்டத்தின் பெரிய விளைச்சல் என்று நான் மதிப்பது இந்தப் புரிதலைத்தான்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்திலேயே விதை எடுங்கள். நோயில்லாத செடியில் நன்கு பழுத்த தக்காளியைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுங்கள். சுற்றியுள்ள கொழகொழப்பு கரையும். கழுவி, தட்டில் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். மிளகாயைச் செடியிலேயே பழுக்கவிட்டு உலர்த்தி விதை எடுங்கள். மிளகாயில் அயல் மகரந்தச் சேர்க்கை எளிதில் நடக்கும். இரண்டு ரகம் அருகருகே இருந்தால் பூக்கும் கிளை ஒன்றுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். பொட்டலத்தில் ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். ஒரு தக்காளிப் பழத்தின் விதையே தெருவுக்குப் போதும். அதில் பத்து விதையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எப்போது விதைப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதோடு, ஏன் அப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.